எட்டாவது ரவுண்டில் கூப்பிட்ட குரல்

உக்காருங்க சார். அந்த சேர் வேணாம், அங்க ஃபேன் காத்து வராது. இப்படி வாங்க. ஷேவிங் மட்டும்தானே? சாஞ்சுக்கோங்க. ஈரத்துண்டு வெக்கிறேன், சில்லுன்னு இருக்கும், துள்ளிடாதீங்க.

போஸ்டரைத்தானே பார்க்குறீங்க? உள்ள வர்ற எல்லாரும் மொதல்ல அத்தத்தான் பார்ப்பாங்க. எடது பக்கம் நிக்கிறான் பாருங்க, அவன்தான் லாசர். நம்ம ஆளு. இதே தெருதான், வலது கைப்பக்கம் திரும்புனா நாலாவது வூடு. எதிர்ல மொறைச்சுக்கினு நிக்கிறவன் கோலார்காரன். சாம்பியன் பெல்ட்டு இப்போ அவன் இடுப்புல கீது. வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்னு வுட்டு வெச்சிருக்கோம்.

பாக்ஸிங் பார்ப்பீங்களா? எப்பனாச்சும் டிவியிலயா? சரிதான். அப்போ உங்களுக்கு அடியிலேர்ந்து சொல்லணும். இல்ல இல்ல, நீங்க ஒண்ணும் பேச வேணாம். நுரை வாய்க்குள்ள போயிரும். நான் சொல்றேன், நீங்க சும்மா கேளுங்க.

போன வருஷம் நடந்துச்சு இந்த பெல்ட்டு சண்டை. பத்து ரவுண்டு. லாசரும் இதே கோலார்காரனும். தெருவே கெளம்பிப் போச்சு. நான் கடையைப் பூட்டிட்டுப் போனேன். எனக்கு எடம் எங்கன்னு நெனைக்கிறீங்க? நம்ம கார்னருக்கு, அதான் ரவுண்டு முடிஞ்சா லாசரு வந்து உக்கார்ற மூலைக்கு, நேர் பின்னால. கையை நீட்டுனா வாத்தியார் முதுகைத் தொட்டுடலாம். வாத்தியார்னா லாசருக்குக் கத்துக் குடுத்தவரு. சின்ன வயசுலேர்ந்து அவருகிட்டதான் அவன் ப்ராக்டீஸ்.

மொத நாலு ரவுண்டு லாசருதான் சார். கோலார்காரன் மூக்கு எங்க கீதுன்னு தேடிக்கினு இருந்தான். அஞ்சாவதுல நம்மாளுக்குப் புருவம் கிழிஞ்சுது. ஆறு, ஏழு ரெண்டு பேருக்கும் சமமா போச்சு. அத்த டில்லிபாபு ஒத்துக்க மாட்டான். ஆறு, ஏழுலயே லாசரு கை எறங்கிடுச்சும்பான். டில்லிபாபு யாருன்னு பின்னால சொல்றேன், அந்தாளை நெனச்சாலே எனக்குப் பத்திக்கினு வருது.

எட்டாவது ரவுண்டு. கேளுங்க. கோலார்காரன் வலது கையில ஒண்ணு வெச்சான். இதோ, காதுக்கும் தாடைக்கும் நடுவுல, இங்க. லாசரு குப்புற வுழுந்தான். ரெஃப்ரி எண்ண ஆரம்பிச்சான், பத்துக்குள்ள ஏந்திரிக்கலைன்னா சண்டை முடிஞ்சுது. கோலார்காரன் எதிர் மூலைக்குப் போய் நின்னு சிலுவை போட்டுக்கினான். நம்ம வாத்தியார் இன்னா பண்றாரு? தோள்ல கெடந்த துண்டை எடுத்துட்டாரு சார்! துண்டு உள்ள வுழுந்தா தோல்வியை ஒத்துக்கினோம்னு அர்த்தம். அவரு கை மேல போவுது. எனக்கு உசுரே போயிடுச்சு.

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க வெளியூரு, உங்ககிட்ட சொன்னா தப்பில்ல. நான் கத்துனேன் சார். சேர் மேல ஏறி நின்னு கத்துனேன். "டேய் லாசரு! ஏந்திரிடா! லாசரு, ஏந்திரிடா!" நான் ஒருத்தன்தான். சுத்தி எல்லாரும் வாயடைச்சுப் போயிருக்காங்க. அப்போ அவன் தோள் அசைஞ்சுது. முட்டி போட்டான். எட்டுன்னு ரெஃப்ரி சொல்லும்போது ஏந்து நின்னுட்டான்! குரல் வந்த பக்கம் திரும்பி நேரா என் மூஞ்சியைப் பார்த்தான். பார்த்தான்னா, என்னை இன்னாருன்னே தெரியாத மாதிரிப் பார்த்தான். அதான் சார் கவனம்ங்கிறது. சண்டையில நிக்கிறவனுக்கு சொந்த பந்தம் எதுவும் கண்ணுக்குத் தெரியக் கூடாது.

வாத்தியார் துண்டைத் தோள்ல போட்டுக்கினாரு. ஒன்பதும் பத்தும் லாசரு நின்னான் பாருங்க, அது ஒரு நிலை. எத்தினி அடி! அத்தனையும் வாங்கிக்கினு நின்னான். கையைத் தூக்கவே இல்ல. எதிராளியை அடிக்க வுட்டு அடிக்க வுட்டு களைப்பாக்குற டெக்னிக் அது. டில்லிபாபுக்கு அதெல்லாம் புரியாது. கடைசியில மூணு ஜட்ஜுல ரெண்டு பேரு கோலார்காரனுக்குக் குடுத்துட்டானுங்க. அநியாயம் சார். பட்டப்பகல் கொள்ளை. அன்னிக்கு நான் அழுதேன். எங்கப்பன் செத்தப்போகூட அப்படி அழுததில்ல.

கன்னத்தை இப்படித் திருப்புங்க. ஆடாதீங்க. ஆடுனா கத்திக்குக் கண்ணு கெடையாது. ஆனா நம்ம கை தப்பாது. இந்தக் கையில இதுவரைக்கும் ஒருத்தருக்குக் கீறல் வுழுந்ததில்ல, தெருவுல யாரை வேணா கேளுங்க.

இந்தக் கடைக்குன்னு ஒரு வழக்கம் கீது சார். சண்டை போட்டவன் தன் சண்டையைத் தானே சொல்லக் கூடாது. அது தம்பட்டம். பார்த்தவன்தான் சொல்லணும். போட்டவன் அதோ அந்த பெஞ்சுல தலையைக் குனிஞ்சுக்கினு உக்காந்து கேக்கணும். சிரிக்கலாம், அவ்ளோதான். வாயைத் தொறக்கக் கூடாது. சொல்றவனுக்கும் ஒரு கட்டுப்பாடு கீது. அவன் தன்னை உள்ள இழுத்துக்கக் கூடாது. நான் கத்துனேன், நான் அழுதேன்னு வரக் கூடாது. அதனாலதான் நான் கூப்பிட்டதை லாசருகிட்ட சொன்னதே இல்ல. பெருமைக்கா கத்துனேன்? அவன் மேல எனக்கு உசுரு சார். எனக்குப் புள்ளைங்க இல்ல. இருந்திருந்தா இவன் மாதிரி வேணும்னு சாமிகிட்ட கேட்டிருப்பேன்.

அந்தச் சண்டை முடிஞ்ச வாரத்துலேர்ந்து லாசரு தெனம் கடைக்கு வருவான். பெஞ்சுல உக்காருவான். நான் ஆரம்பிப்பேன். கட்டிங்குக்கு வந்தவன், பேப்பர் படிக்க வந்தவன், எல்லாரும் கேப்பாங்க. மொத ரவுண்டுலேர்ந்து பத்து வரைக்கும். எத்தினி வாட்டி சொன்னாலும் அவனுக்கு சலிக்காது. புதுசா கேக்குற மாதிரி வாயைப் பொளந்துக்கினு கேப்பான். எட்டாவது ரவுண்டு வரும்போது பெஞ்சு ஓரத்தை ரெண்டு கையாலயும் புடிச்சுக்குவான். எப்படி முடியப் போவுதோன்னு அவனுக்கே தெரியாத மாதிரி! அந்த அடக்கம் யாருக்கு சார் வரும்?

இப்போ டில்லிபாபு. ஹார்பர்ல கிரேன் ஓட்டுறவன். என் தோஸ்து. தோஸ்தா இருந்தவன். ரெண்டு பேரும் சேந்துதான் எல்லா சண்டையும் பார்க்கப் போவோம். அன்னிக்கும் பக்கத்து சேர்லதான் இருந்தான். வந்து இந்தக் கடையில உக்காந்துக்கினே சொல்றான், "லாசரு தோத்தது நியாயம்தான்டா கன்னியப்பா. எட்டாவதுலயே நிறுத்தியிருக்கணும். வாத்தியார் துண்டைப் போட்டிருக்கணும்"னு. யாரு முன்னால? லாசரு முன்னால! எனக்கு எப்படி இருக்கும்? "என் கடையில இந்தப் பேச்சு வேணாம்"னேன். அவன் கேக்கல. தெனம் வருவான், தெனம் எனக்கும் அவனுக்கும் மல்லுக்கட்டுதான். நான் கொள்ளைம்பேன், அவன் நியாயம்பான். லாசரு என்னை ஒரு பார்வை பார்ப்பான், அவனை ஒரு பார்வை பார்ப்பான், யாரு சொல்றது சரின்னு தேடுற மாதிரி.

ஒரு நாள் டில்லிபாபு ஒரு வேலை பண்ணான் சார். கடை நெறைய ஆளு. "இன்னிக்கு நான் சொல்றேன்"ன்னு ஆரம்பிச்சான். ஆரம்பிச்சு, பச்சையா பொய் சொல்றான்! லாசரு வுழுந்தது மூணாவது ரவுண்டாம். அடிச்சது எடது கையாம். மல்லாக்க வுழுந்தானாம். எனக்கு ரத்தம் கொதிக்குது. லாசரு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, வழக்கம். ஆனா தலையையாவது ஆட்டி இல்லைன்னு காட்டலாம்ல? அவன் சிரிச்சுக்கினே ஆமான்னு தலையாட்டுறான் சார். ஆமா, ஆமாங்குறான். டில்லிபாபு என்னைப் பார்த்தான். "பார்த்தியா கன்னியப்பா?"ன்னான். கண்ணெல்லாம் செவந்து கீது. "நல்லா பார்த்தேன், எவ்ளோ பெரிய புளுகன்னு"ன்னேன். அப்படியே ஏந்து போனவன்தான், இன்னிக்கு வரைக்கும் வரல. இப்போ எங்கயோ ஏசி கடையில ஷேவிங் பண்ணிக்கிறானாம். பண்ணிக்கட்டும். லாசரு எவ்ளோ பெரிய மனசுக்காரன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. பொய்னு தெரிஞ்சும் நாலு பேரு முன்னால ஒருத்தனைக் காட்டிக் குடுக்கலையே!

மோவாயைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே இருங்க.

அப்புறம் அவன் பொண்டாட்டி வந்தா. ரெஜினா. எக்ஸ்போர்ட் கம்பெனியில தைக்குறா. நல்ல பொண்ணுதான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆம்பளைங்க சலூன், உள்ள வர்ல, வாசப்படியிலயே நின்னா. அப்பதான் மறுசண்டைக்குப் பேச்சு வந்த நேரம். லாசரு ஒத்துக்கினான்னு தெருவெல்லாம் குஷியா கீது.

"அண்ணா, அவருகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. தோத்தது நியாயம்னு சொல்லுங்க"ன்னா.

"இன்னாம்மா பேசுற? நடந்தது கொள்ளை"ன்னேன்.

"கொள்ளையாவே இருக்கட்டும்ணா. தெனம் வூட்டுக்கு வந்து நீங்க சொன்னதையே என்கிட்ட திருப்பிச் சொல்றாரு. என்னை ஏமாத்திட்டாங்க ரெஜினான்னு அழறாரு. அதுக்காகத்தான் மறுபடியும் ரிங்குல ஏறுறேங்கிறாரு. அவருக்கு அந்தச் சண்டையே ஞாபகம் இல்லணா. ஒரு அடிகூட ஞாபகம் இல்ல. நீங்க சொல்றதுதான் அவருக்கு ஞாபகம். நீங்க மாத்திச் சொன்னா அவரு வுட்டுருவாரு."

கையெடுத்துக் கும்பிட்டா சார். கடையில அத்தினி பேரு பார்த்துக்கினு கீறாங்க. எனக்குக் கஷ்டமாதான் இருந்துச்சு. ஆனா எப்படி சொல்றது? கண்ணால பார்த்ததை இல்லைன்னு சொல்ற பழக்கம் நமக்கு இல்ல. "ஒரு வீரனைப் பார்த்து நீ தோத்தது நியாயம்னு சொல்ல என் வாய்ல வராதும்மா"ன்னேன். அவ "சரிண்ணா"ன்னு போயிட்டா. புருஷன் அடி வாங்கக் கூடாதுன்னு எந்தப் பொண்டாட்டிக்கும் இருக்கும்தான். அதுக்காக ஞாபகமே இல்லைன்னா சொல்றது?

ஞாபகம் இல்லாதவனா டாக்டர்கிட்ட பாஸ் பண்ணுவான்? சண்டைக்கு முன்னால டாக்டர் செக்கப் உண்டு சார். போன சண்டையைப் பத்திக் கேட்டிருக்காரு. நம்மாளு ரவுண்டு ரவுண்டா சொல்லியிருக்கான்! கூடப் போன பையன் வந்து சொன்னான், "அப்படியே நீங்க சொல்ற மாதிரியே சொன்னாருணா, நீங்க மூச்சு வாங்குற எடத்துல அவரும் மூச்சு வாங்குறாரு"ன்னு. எட்டாவது ரவுண்டுல கோலார்காரன் மூலைக்குப் போய் சிலுவை போட்டதைக்கூட சொல்லியிருக்கான். குப்புறக் கெடந்தவன் அத்த எப்படி சார் பார்த்தான்? முதுகுலயும் கண்ணு வெச்சிருக்கான் நம்மாளு.

சில பேரு ஏதேதோ சொல்வானுங்க. டீ கிளாஸ் லாசரு கையில நிக்க மாட்டேங்குதாம். சட்டை பட்டனை மாத்தி மாத்திப் போடுறானாம். நானும்தான் பார்க்குறேன், தலை வெட்டும்போது மெஷின் சத்தம் கேட்டா ஒடம்பு தூக்கிப் போடுது. தூக்கம் இல்லாத கொறைதான். பெல்ட்டை நெனச்சுக்கினு கெடக்குறான், எங்கேர்ந்து தூக்கம் வரும்? வாத்தியாரு இந்த வாட்டி கார்னர்ல நிக்க மாட்டேன்னுட்டாரு. வயசாயிடுச்சு, பயந்துட்டாரு. புதுசா ஒருத்தன் நிக்கப் போறான். இருக்கட்டும். பின்னால நான் கீறேன்ல.

இருங்க, இன்னொரு வாட்டி நுரை போடுறேன். எதிர்ப்பக்கம் ஒண்ணு இழுத்தா மொழுமொழுன்னு ஆயிடும்.

இன்னிக்குக் காலையில ஒண்ணு நடந்துச்சு சார். அத்த நெனச்சுக்கினேதான் உங்ககிட்ட இவ்ளோ நேரமும் பேசிக்கினு கீறேன் போல. கடையைத் தொறந்து தண்ணி தெளிக்கிறேன், லாசரு வந்து நிக்கிறான். எப்பவும் நாலு பேரு வந்தப்புறம்தான் வருவான். இன்னிக்கு நாங்க ரெண்டு பேரு மட்டும்தான். பெஞ்சுல உக்காந்தான். சண்டையைச் சொல்லட்டுமாடான்னேன். வேணாம்ணா, இன்னிக்கு நான் ஒண்ணு கேக்கட்டுமான்னான். யாரும் இல்லாதப்போ வழக்கத்தை மீறுனா பரவாயில்லையாணான்னு அதுக்கும் பர்மிஷன் கேட்டான். கேளுடான்னேன்.

"அண்ணா, நீ சொல்ற சண்டை ஷோக்கா கீதுணா. எவனோ ஒருத்தன் கதை கேக்குற மாதிரி கீது. ஆனா என்னுதுன்னு அதுல ஒண்ணே ஒண்ணுதான் எனக்குள்ள கீது. நான் கீழ கெடக்கேன். தரை சில்லுன்னு கீது. ஒரு வலியும் இல்ல. நல்லா கீதுணா, அப்படியே படுத்துக்கலாம் போல கீது. அப்போ யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. வுடவே மாட்டேங்குறாங்க. படுக்க வுட மாட்டேங்குறாங்க. சரி, வூட்டுல ஏதோ அவசரம் போல, ரெஜினா கூப்பிடுறா போலன்னு ஏந்துட்டேன். ஏந்ததுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல. இருட்டு. ரெஜினாகிட்ட கேட்டா, நான் அன்னிக்கு வரவே இல்லியேங்குறா. அப்போ யாருணா அது?"

யாருணா அதுன்னு கேக்குறான் சார். என் மூஞ்சியையே பார்க்குறான்.

வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஒரு வருஷமா எத்தினி ராத்திரி நெனச்சிருக்கேன், என்னைக்காவது இவனுக்குத் தெரிய வரும், அண்ணான்னு கட்டிப் புடிச்சுக்குவான்னு. அவனே வந்து கேக்குறான். நான் சொல்லல. சொல்றவன் தன்னை உள்ள இழுத்துக்கக் கூடாதுல்ல? வழக்கம்னு ஒண்ணு கீதுல்ல சார்? "கூட்டத்துல ஆயிரம் பேரு கத்துவான், யாருன்னு யாரு கண்டா"ன்னுட்டேன்.

அவன் சிரிச்சான். "யாரா இருந்தாலும் சரிணா. அந்தாளு ஞாயித்துக்கிழமை வந்துட்டா எனக்கு அது போதும். அந்தக் குரல் கேட்டா நான் ஏந்துடுவேன். எத்தினி வாட்டி வுழுந்தாலும் ஏந்துடுவேன்"னான். சொல்லிட்டு வாசலுக்குப் போனான். படியில நின்னு இப்படிப் பார்த்தான், அப்படிப் பார்த்தான். வூடு வலது பக்கம் கீது. அவன் எடது பக்கம் போனான். டீ குடிக்கப் போறான் போலன்னு நெனச்சேன்.

டீக்கடையும் வலது பக்கம்தான் சார்.

இன்னா, ஏதோ சொல்ல வர்றீங்களா? பேசாதீங்க, தொண்டைகிட்ட வழிச்சுக்கினு கீறேன். நீங்க சொல்ல வர்றது எனக்குத் தெரியும். டில்லிபாபு மூஞ்சியும் இப்படித்தான் இருந்துச்சு அன்னிக்கு.

ஞாயித்துக்கிழமை நான் போவலைன்னு வெச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமைதானே சலூன்ல கூட்டம், தொழிலைப் பார்க்க வேணாமா? நான் போவலைன்னா யாரும் கத்த மாட்டாங்க. வுழுந்தா வுழுந்த எடத்துலயே கெடப்பான். சில்லுன்னு கீதுன்னானே. கெடந்துட்டுப் போறான். ஆனா தோத்துடுவானே சார்? எல்லாரும் பார்க்க தோத்துடுவானே? போனேன்னா நான் சும்மா உக்கார மாட்டேன். என்னால முடியாது. அவன் கீழ கெடந்தா என் வாய் தானா தொறந்துக்கும். தொறந்தா அவன் ஏந்துடுவான். ஏந்து...

ஆடாதீங்க சார். கழுத்துல கத்தி கீது. ஆடாதீங்கன்றேன்ல.

ஆடலியா? நீங்க ஆடலியா?

அய்யோ, ரத்தம் வருது. இந்தத் துண்டை வெச்சு அமுக்கிக்கோங்க சார். படிகாரம் தர்றேன். கொஞ்சம் இருங்க. மொதல்ல இந்தக் கத்தியைக் கீழ வெச்சுடுறேன்.